ஆசாரியர் ஜகதீச சந்திர போஸும் கண்காணா அலைகளும்

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் கடலோரமாக நீண்டு கிடக்கும் வடசென்னைப் பிரதேசம், கரித்தூசியையும் ஆலைப்புகையையும் எண்ணெய்க் கழிவையும் நெடுங்காலமாகத் தாங்கி வருவது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிவன, மூக்குக்குப் புலப்படுவன. இப்பொழுதோ, கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத வேறொன்றைப் பற்றியும் மக்கள் ஐயுறத் தொடங்கியிருக்கின்றனர். வீட்டு மாடிகள்மீது நிற்கும் கைப்பேசிக் கோபுரங்களிலிருந்து பரவும் மின்காந்த அலைகளே அவை. சிட்டுக்குருவி அருகியதும், உறக்கம் கெட்டதும், தலைநோவு வந்ததும் இவற்றால்தான் என்று ஒரு சாரார் உறுதியாகப் பேசுகின்றனர். மற்றொரு சாரார் இதனைப் பாமரரின் மருட்சி என்று எள்ளி நகையாடுகின்றனர். அஞ்சுவோர் கையிலும் அளவுகோல் இல்லை. நகைப்போர் கையிலும் அளவுகோல் இல்லை.

இத்தகைய அலைகள் உயிரினங்களிடத்து யாது செய்கின்றன என்னும் கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றவர் ஒருவர் நமது நாட்டில் இருந்தார். அவரே ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ். அவரைச் செடிகளுக்கு உயிருண்டு என்று கண்டவர் என்ற அளவிலேயே நம்மவரிற் பலர் அறிவர். அடிமை நாட்டில் பிறந்த ஒருவர் அளக்கும் அதிகாரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்ட வரலாறே அவருடைய வாழ்க்கை என்று நாம் கருதுகிறோம். அதனைத் தேச ஊழியர்கள் அறிந்திருத்தல் நலம்.

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் கீழை வங்கத்தில் போஸ் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் சர்க்கார் உத்தியோகஸ்தர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். அக்காலத்தில் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புதலே கௌரவமாக இருந்தது. தந்தையாரோ, தாய்மொழியை அறியாதவன் தன் மக்களையும் அறியான் என்னும் கொள்கையினர். மகனை வங்காளிப் பாடசாலையிலேயே சேர்த்தார். அங்கே போஸின் ஒரு பக்கத்தில் தந்தையாரின் முஸ்லிம் ஏவலாளருடைய மகனும், மறுபக்கத்தில் ஒரு மீனவருடைய மகனும் அமர்ந்திருந்தனர். பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர் ஆகியவற்றைக் குறித்து அவ்விருவரும் கூறிய கதைகளே தமக்கு இயற்கையை ஆராயும் வேட்கையை ஊட்டின என்று பிற்காலத்தில் அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கும் விஞ்ஞானத்துக்கும் வெகுதூரம் என்று எண்ணுவோர் இதனைச் சற்றே சிந்திப்பாராக.

பின்னர்க் கல்கத்தா செயிண்ட் சேவியர் கலாசாலையில் லஃபோன் பாதிரியாரிடம் பௌதிகம் பயின்று, மருத்துவம் கற்கும் நோக்கத்துடன் இங்கிலாந்து சென்றார். பழைய சுரம் மீண்டும் வருத்தவே மருத்துவத்தை விடுத்துக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் கற்றார். ராலே பிரபு அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். 1885-இல் தாயகம் திரும்பிக் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் பௌதிக ஆசிரியரானார்.

அங்கே அவருக்குக் காத்திருந்தது அவமதிப்பு. ஐரோப்பியப் பேராசிரியர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு அளிப்பது வழக்கம். போஸின் நியமனம் தற்காலிகமானது என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தனர். ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரே உழைப்பு. கூலி மட்டும் மூன்றில் ஒன்று! போஸ் வேலையைத் துறக்கவில்லை. விண்ணப்பம் எழுதிக் கெஞ்சவும் இல்லை. பாடத்தைக் குறைவற நடத்திக்கொண்டு சம்பளத்தைத் தொட மறுத்தார். தந்தையார் கடன்பட்டிருந்த காலம் அது. ஆயினும் மூன்று ஆண்டுகள் அவ்வுறுதியில் நின்றார். முடிவில் சர்க்கார் இணங்கி, முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தது. அத்தொகை தந்தையாரின் கடனைத் தீர்க்கப் பயன்பட்டது. சத்தியாக்கிரகம் என்னும் சொல் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது.

அவருடைய வாழ்க்கைத் துணைவியார் அபலா அம்மையாருக்கும் நமது சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. வங்கத்தில் பெண்களுக்கு மருத்துவக் கலாசாலையின் கதவு அடைபட்டிருந்தபொழுது, 1882-இல் அவர் சென்னைக்கு வந்து, ராயபுரத்துக்கு அணித்தேயுள்ள சென்னை மருத்துவக் கலாசாலையில் பயின்றார். உடல்நலக் குறைவால் படிப்பு முற்றுப்பெறவில்லை. 1887-இல் போஸை மணந்து, பின்னாளில் வங்கத்துப் பெண் கல்விக்குப் பெருந்தொண்டு ஆற்றினார். சம்பளமற்ற நாட்களின் சிக்கனத்திலும் கணவருக்கு உறுதுணையாக நின்றவர் அவரே.

1894-ஆம் ஆண்டு, தமது முப்பத்தாறாம் பிறந்தநாளில், எஞ்சிய வாழ்நாளை ஆராய்ச்சிக்கே ஒப்படைப்பதென்று போஸ் உறுதி பூண்டார். ஆய்வுக்கூடமோ குளியலறையை ஒட்டிய ஒரு சிற்றறை. கருவிகளைச் செய்து கொடுத்தவர் பயிற்சி பெறாத உள்ளூர்த் தகரத் தொழிலாளி. மின்காந்த அலைகளை முதன்முதலில் உண்டாக்கிக் காட்டிய ஜெர்மானியர் ஹெர்ட்ஸின் அலைகள் அடிக்கணக்கில் நீண்டவை. அவற்றை ஒளியைப்போல வளைத்தும் திருப்பியும் ஆராய வேண்டுமானால் பெருங்கருவிகள் தேவை. சிற்றறையில் அதற்கு இடமேது? ஆகவே அலையையே சுருக்கத் துணிந்தார் போஸ். 5 மில்லிமீட்டர் அளவுள்ள அலைகளை எழுப்பினார். அவை விநாடிக்கு 6000 கோடி முறை அதிர்வன. மேலை நாட்டார் பலரும் அப்பொழுது நீண்ட அலைகளின்பாற் சென்றுவிட்டமையால், இக்குற்றலைத் துறை அரை நூற்றாண்டுவரை பாழாகவே கிடந்தது. இன்றைய ராடாரில் பயன்படும் கொம்புவடிவ அலைவாங்கியும் அலைக்குழலும் அன்றே அவர் மேசையில் இருந்தன. முறுக்கிய சணலையும், ஏடுகளுக்கிடையே தகரத்தாள் வைத்த ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தையுங்கூட அவர் ஆராய்ச்சிக் கருவிகளாக்கினார்.

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் லெப்டினெண்டு கவர்னரின் முன்னிலையில் ஒரு சோதனை நடைபெற்றது. போஸ் எழுப்பிய அலை அப்பிரபுவின் உடலையும் சுவர்களையும் ஊடுருவிச் சென்று, 75 அடிக்கு அப்பாலுள்ள அறையில் மணியை ஒலிப்பித்து வெடிமருந்தையும் வெடிப்பித்தது. கூட்டத்தினர் வியந்தனர். அலை ஊடுருவிய உடலுக்கு யாது நேர்ந்தது என்று அன்று ஒருவரும் வினவவில்லை. அவ்வினாவின் வேறொரு வடிவத்தைப் பின்னர் எழுப்பியவரும் போஸே. ஆனால் அதனைச் செடிகளிடம் கேட்டார்.

1897-ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பிரசங்கம் புரிந்தபொழுது, தம் கருவியின் அமைப்பை ஒளிக்காமல் எல்லோர்க்கும் காட்டினார். உரிமைச் சாசனம் பெற்றுப் பொருள் குவிக்குமாறு வியாபாரிகள் வற்புறுத்தியும் அவர் இசையவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் அலையுணரி ஒன்றுக்கு 1904-இல் அமெரிக்க உரிமைச் சாசனம் பெறப்பட்டது. அதனாலும் அவர் பொருளீட்டவில்லை. கம்பியில்லாத் தந்திக்காக மார்க்கோனி 1909-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதனை எண்ணி நம்மவர் இன்றும் பெருமூச்செறிவதுண்டு. போஸ் பெருமூச்செறிந்ததாகத் தெரியவில்லை. அவருடைய கவனம் அதற்குள் வேறிடம் சென்றுவிட்டது.

அவருடைய அலையுணரி இடைவிடாது உழைத்தபின் மந்தமடைந்தது. ஓய்வு கொடுத்தால் தெளிவடைந்தது. உலோகமும் களைப்புறுமோ? இக்கேள்வியே அவரைப் பௌதிகத்திலிருந்து உயிர் விஞ்ஞானத்துக்கு அழைத்துச் சென்றது. உலோகம், செடி, தசை ஆகிய மூன்றையும் மின்சாரத்தால் தூண்டி அவற்றின் மறுமொழியைப் பதிவு செய்து ஒப்பிட்டார். 1901-இல் ராயல் சொசைட்டியில் இதனைக் கூறியபொழுது, உடலியல் வல்லுநர் பர்டன் சாண்டர்சன் சீறி எழுந்தார். கட்டுரையில் ஆண்ட சொல்லை மாற்றுமாறு வற்புறுத்தினார். போஸ் மறுத்தார்; கட்டுரை அச்சேறவில்லை. அடுத்த ஆண்டிலேயே அவர் தம் ஆராய்ச்சியைத் தனி நூலாக வெளியிட்டார். இக்காலத்தில் அவருடைய நூல்களைச் செப்பனிட்டு உதவியவர் சகோதரி நிவேதிதை.

எதிரிகளை வாதத்தால் வெல்ல முடியாது என்பதை உணர்ந்த போஸ், நுட்பத்திற் சிறந்த கருவிகளைப் படைப்பதில் முனைந்தார். தொட்டாற்சுருங்கியின் துடிப்பை விநாடியின் ஆயிரத்தில் ஒரு கூறுவரை குறிக்கும் பதிவுக் கருவியையும், செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராபையும் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டே செய்வித்தார். 1917 நவம்பர் 30-இல் கல்கத்தாவில் வசு விஞ்ஞான மந்திரத்தைத் திறந்து தேசத்துக்கு அர்ப்பணம் செய்தார். அங்கே நிகழும் கண்டுபிடிப்புக்கள் எல்லோர்க்கும் பொது. உரிமைச் சாசனம் கூடாது என்பது அதன் விதி. அவ்வாண்டிலேயே சர்க்கார் அவருக்கு ஸர் பட்டம் அளித்தது. பட்டத்தைக் காட்டிலும் அம்மந்திரமே அவருக்கு அழியாப் புகழ் என்பது நமது கருத்து.

அம்மந்திரத்தின் தோட்டத்திலேதான் நாம் தொடக்கத்திற் குறித்த கேள்விக்கு அவர் விடை தேடினார். கம்பியில்லாத் தந்தியின் அலையைச் செடி உணருமா? தோட்டத்தின் ஒரு கோடியில் 10 மீட்டர் உயரமுள்ள அலைபரப்பும் கம்பத்தையும், ஏறத்தாழ 200 மீட்டருக்கு அப்பால் அதே உயரமுள்ள அலைவாங்கும் கம்பத்தையும் நாட்டினார். தோட்டம் அதற்குமேல் இடங்கொடுக்கவில்லை. வாங்கும் கம்பத்திலிருந்து மெல்லிய கம்பியொன்றைத் தொட்டிச் செடியுடன் பிணைத்து, செடியை நிலத்துடனும் பிணைத்தார். செடி எவ்வளவு வேகமாக மேல்நோக்கி வளருமோ அவ்வளவு வேகமாகவே அதனைக் கீழிறக்கும் பொறியமைப்பு ஒன்று உண்டு. ஆதலின் வளர்ச்சி மாறாதவரையில் பதிவுக்கோடு மட்டமாகவே செல்லும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் கோடு சாயும். அலை எழுப்பியவுடன் கோடு சாய்ந்தது. வலிய அலை வளர்ச்சியைத் தடுத்தது. மெலிந்த அலை வளர்ச்சியை விரைவுபடுத்தியது. இம்முடிவை 1919-ஆம் ஆண்டு அக்டோபரில் நேச்சர் பத்திரிகையில் அவர் வெளியிட்டார். ரேடியோ அலைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பைக் கருவி கொண்டு ஆராய்ந்த தொடக்க முயற்சிகளில் இதுவும் ஒன்று.

அவருடைய கருவியின் நேர்மையை ஐயுற்றார் வாலர் என்னும் ஆங்கில உடலியலார். 1920-இல் லண்டன் பல்கலைக்கழகக் கலாசாலையில் நிபுணர்களின் முன்னிலையில் போஸ் அதனை இயக்கிக் காட்டினார். அது வளர்ச்சியை உண்மையாகவே பதிவு செய்கிறதென்று அவர்கள் பகிரங்கமாக ஒப்புக்கொண்டனர். அவ்வாண்டிலேயே ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. 1937 நவம்பர் 23-இல் கிரிடியில் அவர் காலமானார்.

அவர் கூறிய யாவும் காலத்தின் சோதனையில் தேறின என்று நாம் சொல்லவில்லை. வீரவழிபாடு விஞ்ஞானத்துக்கு உதவாது. செடிகளில் மின் சைகைகள் ஓடுகின்றன என்பது பிற்காலத்தில் நிலைபெற்றது. சாறு மேலேறுவதைக் குறித்த அவருடைய கொள்கையைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. 1919-ஆம் ஆண்டுச் சோதனையிலும் செடி கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தமையால், அதனூடே மின்னோட்டமே பாய்ந்தது. ஆகவே கோபுரத்தின் அருகே நிற்கும் மரத்துக்கோ மனிதனுக்கோ அம்முடிவை அப்படியே ஏற்றிக் கூறுவது போஸின் பெயரால் போஸுக்கே இழைக்கும் துரோகமாகும்.

அலைகளுள்ளும் பேதம் உண்டு. எக்ஸ் கதிர் அணுவினின்று மின்துகளைப் பெயர்த்து உயிரணுவைச் சிதைப்பது; எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி அதற்கு இரையாகி 1904-இல் மாண்டார். கைப்பேசி அலைக்கு அவ்வாற்றல் இல்லை. மிகுந்தால் உடலைச் சூடேற்றும் என்பதே ஐயமின்றி நிறுவப்பட்டது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2011-இல் அதனைப் புற்றுநோய் விளைக்கக்கூடும் என்னும் ஐயப் பட்டியலில் சேர்த்தது. சான்று குறைவு என்பதையும் உடன் கூறிற்று. நமது சர்க்கார் 2012 செப்டம்பர் 1 முதல், கோபுரங்களின் அலைச்செறிவு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. ஏட்டிலுள்ள வரம்பு மாடியிலும் உள்ளதா என்பதே பிரச்சினை. அதனை அச்சத்தாலும் அறிய முடியாது; நகைப்பாலும் அறிய முடியாது. அளந்தே அறிய வேண்டும்.

அளப்பவன் கையில்தான் அதிகாரம் இருக்கிறது என்பதை வடசென்னை மக்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28-இல் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. அப்பொழுது கசிவு அற்பமென்றே முதலில் சொல்லப்பட்டது. பின்னர் வாளிவாளியாகக் கரையில் அள்ளிய எண்ணெய்ச் சேறே உண்மையைப் பறைசாற்றியது. எண்ணெயைக் கண்ணால் கண்டு வாளியால் அளந்தோம். கண்காணா அலைக்கு வாளி ஏது?

ஆகவே தேச ஊழியர்களுக்கு நாம் கூற விரும்புவது இது. கோபுரத்தை வீழ்த்துவோம் என்று முழங்குவதற்கு முன், அளந்து காட்டு என்று கேளுங்கள். அளவை மக்கள் முன்னிலையில் நடைபெறட்டும். எண்கள் தமிழில் தெருவில் ஒட்டப்படட்டும். வரம்பு மீறப்பட்டிருந்தால் போராட்டத்துக்கு அசையாத ஆதாரம் கிடைக்கும். மீறப்படவில்லையாயின், வீண் அச்சம் நீங்கி, கண்முன் நின்று கொல்லும் புகையின்மீதும் கழிவின்மீதும் நமது முழுவலிமையையும் செலுத்தலாம். அதனினும் மேலாக, ராயபுரத்துப் பள்ளிப் பிள்ளைகள் தாமே அளவுகருவி செய்யக் கற்கட்டும். குளியலறையை ஒட்டிய சிற்றறையில், ஒரு தகரத் தொழிலாளியின் துணைகொண்டு, உலகம் அறியாத அலையை ஒருவர் அளந்தார். சுயராஜ்யம் பெற்ற நாட்டில், துறைமுகமும் தொழிற்சாலையும் தேர்ந்த கைகளும் நிறைந்த இவ்வூரில், அது இயலாதென்று கூறுவது நமக்கு இழுக்கு.