நூலால் அளந்த கடல்

வானில் பறக்கத் துணிவு மட்டும் போதாது. கணக்கும் கைகொடுக்க வேண்டும். இதற்குச் சான்றாக விளங்கியவர் அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்.

1902-ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் பிறந்த இவர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றார். தேர்ச்சி குறைந்ததால் 1922-இல் பாதியிலேயே வெளியேறினார். ஆயினும், கற்பதை நிறுத்தவில்லை. விமானம் ஓட்டப் பழகி, அஞ்சல் விமானியானார்.

நியூயார்க், பாரிஸ் நகரங்களுக்கிடையே நிற்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர் பரிசு காத்திருந்தது. அம்முயற்சியில் அறுவர் உயிரிழந்திருந்தனர். லிண்ட்பெர்க் சான் டியேகோ நூலகத்திலிருந்த உலக உருண்டையில் இரு நகரங்களையும் ஒரு நூலால் இணைத்து அளந்தார். 3,600 மைல் வந்தது. உருண்டையில் இழுத்துப் பிடித்த நூலே மிகக் குறுகிய வழி. தட்டையான வரைபடத்திலோ அது வளைந்து தெரியும். எனவே, பாதையை நூறு நூறு மைல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திசையைக் கணித்தார். மணிக்கு நூறு மைல் என்றால் 36 மணி நேரம். அதற்கும் மேலாகவே, 450 காலன் எரிபொருள் நிரப்பினார். எடையைக் குறைக்க வானொலியையும் பாராசூட்டையும் தவிர்த்தார்.

1927 மே 20 காலை தனியே புறப்பட்டார். பனியோடும் உறக்கத்தோடும் போராடி, கணித்த இடத்திற்கு மிக அருகிலேயே அயர்லாந்துக் கரையைக் கண்டார். பின்காற்றும் உதவ, முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் பாரிஸில் இறங்கினார். 85 காலன் மிச்சமிருந்தது. அப்போது அவருக்கு வயது 25.

பின்னாளில் அவருடைய அரசியல் கருத்துகள் கடும் கண்டனத்திற்கு உள்ளாயின. 1974-இல் ஹவாயில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே, பல்கலைக்கழகத்தில் தவறியவர் நடுக்கடலில் தவறவில்லை. அங்கே பிசகினால் உயிர் மிஞ்சாது என்பதை உணர்ந்தே கணக்கிட்டார்.