ககாரினுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த குட்டி விமானம்

மனிதர்களில் முதன்முதலாக விண்வெளிக்குச் சென்று திரும்பியவர் யூரி ககாரின். அவர் ஏறிச் சென்ற ராக்கெட்டைப் பற்றி உலகமே பேசியது. ஆனால் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் பறக்கப் பழகிய குட்டி விமானத்தைப் பற்றி அறிந்தவர்கள் சிலரே.

மண் குழியில் வாழ்க்கை

ககாரின் 1934-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி ருஷ்யாவில் குளூஷினோ என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் தச்சர். தாயார் பால் பண்ணையில் வேலை செய்தவர். நான்கு குழந்தைகளில் யூரி மூன்றாவது.

1941-ல் ஜெர்மன் படை அந்தக் கிராமத்தைப் பிடித்தது. ககாரின் குடும்பத்தின் வீட்டையும் பறித்துக்கொண்டது. குடும்பத்தார் மண்ணில் குழி வெட்டி, மேலே கூரை போட்டு, அதற்குள் சுமார் ஒன்றே முக்கால் வருஷம் குடியிருந்தார்கள். 1943-ல் யூரியின் அண்ணனையும் அக்காளையும் ஜெர்மானியர் பிடித்துச் சென்றார்கள். நல்ல காலமாக இருவரும் பிறகு உயிரோடு திரும்பினார்கள்.

யுத்தத்துக்குப் பின் யூரி மாஸ்கோவுக்கு அருகில் வார்ப்படத் தொழில் கற்றார். இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் வேலை அது. 1951-ல் மேற்படிப்புக்காக வால்கா நதிக்கரையிலுள்ள சரத்தோவ் நகரத்துக்குப் போனார்.

ஒரே விமானம், இரண்டு கடிவாளம்

சரத்தோவில் ஒரு விமானச் சங்கம் இருந்தது. 1954-ல் ககாரின் அதில் சேர்ந்தார். படிப்பும் நடந்தது, பறக்கும் பயிற்சியும் நடந்தது.

அங்கே பயிற்சி கொடுத்த விமானத்தின் பெயர் யாக்-18. யாக்கோவ்லெவ் என்ற விமான நிபுணரின் குழு அதை அமைத்தது. யுத்தம் முடிந்த மறு ஆண்டில், 1946-ல், அது முதன்முதலாகப் பறந்தது. சோவியத் ராணுவ விமானிகள் பலருக்கு இதுதான் அரிச்சுவடி.

அதன் மூக்கில் ஒரு விசிறி உண்டு. அது வேகமாகச் சுழன்று காற்றைப் பின்னே தள்ளும். விமானம் முன்னே போகும். எஞ்சினின் பலம் 160 குதிரை சக்தி. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஆசனங்கள். ஒன்றில் மாணவர், மற்றொன்றில் ஆசிரியர். இருவர் கையிலும் விமானத்தைத் திருப்பும் கருவி இருக்கும். மாணவர் தவறினால் ஆசிரியர் அந்தக் கணமே திருத்திவிடலாம்.

1955-ம் ஆண்டு கோடையில் ககாரின் ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறந்தார். அந்தச் சங்கத்தில் அவர் பறந்த நேரம் மொத்தம் 42 மணிக்குச் சற்று அதிகம். அவருடைய வாழ்க்கைப் பாதையை மாற்ற அது போதுமானதாக இருந்தது. வார்ப்படத் தொழிலை விட்டு, அதே ஆண்டில் ஓரன்பர்க் நகர ராணுவ விமானப் பள்ளியில் சேர்ந்தார்.

மெத்தை செய்த உதவி

அங்கேயும் முதல் பாடம் பழகிய யாக்-18 விமானத்தில்தான். பிறகு மிக்-15 என்ற ஜெட் விமானம் வந்தது. இங்கேதான் சோதனை! தரையில் இறங்கும்போது ககாரின் தடுமாறினார். அவருடைய உயரம் சுமார் 157 சென்டிமீட்டர். ஆசனத்திலிருந்து வெளியே சரியாகப் பார்க்க முடியவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்படும் நிலைமை ஏற்பட்டது.

மேலதிகாரி இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்தார். ஆசிரியர் ஆசனத்தில் ஒரு சிறு மெத்தையைப் போட்டார். ககாரின் ஒழுங்காக இறங்கினார்! 1957-ல் தேர்ச்சி பெற்று விமானப்படை அதிகாரியானார்.

குறையே நிறைவாயிற்று

விண்வெளிக் கப்பலின் கூண்டு மிகச் சிறியது. உயரமானவர்களுக்கு அதில் இடமில்லை. எனவே ககாரினின் குள்ள உருவம் இப்போது வசதியாகவே இருந்தது.

1961 ஏப்ரல் 12-ந் தேதி வஸ்தோக் கப்பலில் புறப்பட்டார். பூமியை ஒரு முறை சுற்றினார். பயணம் 108 நிமிஷத்தில் முடிந்தது. பூமிக்கு மேல் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் கூண்டிலிருந்து வெளியேறி, பாரசூட்டில் மிதந்து வந்தார்.

கீழே ஒரு பெரிய நதி தெரிந்தது. அது வால்கா! அவர் இறங்கியது சரத்தோவ் வட்டாரத்தில். குட்டி விமானத்தில் அவர் பறந்து பழகிய அதே வட்டாரம். வயலிலிருந்த ஒரு மூதாட்டியும் அவருடைய சிறு பேத்தியும்தான் முதலில் அவரைப் பார்த்தவர்கள்.

மறுபடியும் மாணவர்

பிறகு பல தேசங்கள் அவரை அழைத்துக் கௌரவித்தன. 1961-ம் ஆண்டு கடைசியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார். ஆனால் புகழ் வந்த பிறகு பறக்கும் வாய்ப்பு குறைந்தது. அவருடைய உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்று அரசாங்கம் கவலைப்பட்டது. அவர் மனமோ விமானத்தையே நாடியது.

1968-ல் பறக்க அனுமதி கிடைத்தது. மறுபடியும் பயிற்சி தொடங்கினார். மார்ச் 27-ந் தேதி மிக்-15 பயிற்சி விமானத்தில் ஏறினார். பின் ஆசனத்தில் ஆசிரியர் செரியோகின். விமானம் தரையில் மோதி நொறுங்கியது. இருவரும் மாண்டார்கள். ககாரினுக்கு வயது 34. அவருக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

இரட்டை ஆசன விமானத்தில் தொடங்கிய வாழ்க்கை இரட்டை ஆசன விமானத்திலேயே முடிந்தது. உலகமே போற்றிய பிறகும், ஓர் ஆசிரியரிடம் மாணவராக உட்கார ககாரின் கூச்சப்படவில்லை.