காசுலு லட்சுமிநரசு செட்டி

காசுலு லட்சுமிநரசு செட்டி (1806 - 1868) சென்னையைச் சேர்ந்த வணிகரும் இதழாளரும் சமூகச் செயற்பாட்டாளரும் ஆவார். சென்னை மாகாணத்தின் முதல் அரசியல் அமைப்பாகக் கருதப்படும் சென்னைவாசிகள் சங்கத்தை 1852 இல் நிறுவினார். கிரசண்ட் என்னும் ஆங்கில இதழையும் நடத்தினார். தேர்ந்தெடுக்கப்பட்ட அவைகள் எவையும் இல்லாத காலத்தில் கூட்டம், இதழ், மனு ஆகிய மூன்றின் வழியாகப் பொதுமக்களின் குறைகளை அரசின் முன்வைத்த முன்னோடிகளுள் ஒருவர்.

இளமையும் வணிகமும்

லட்சுமிநரசு செட்டி 1806 இல் சென்னையில் தெலுங்கு பேசும் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை சிதுலு செட்டி அவுரி வணிகர். தொடக்கக் கல்வியுடன் குடும்பத் தொழிலில் ஈடுபட்ட லட்சுமிநரசு, அவுரியிலும் துணியிலும் வணிகம் செய்து பெரும் செல்வம் ஈட்டினார். பின்னாளில் அச்செல்வத்தின் பெரும்பகுதி பொதுப்பணிகளுக்கே செலவாயிற்று.

கிரசண்ட் இதழ்

அக்காலச் சென்னையில் ஆங்கில இதழ்கள் பெரும்பாலும் ஐரோப்பியர் கையில் இருந்தன. மதப்பரப்புக் குழுவினரும் தமக்கென இதழ் வைத்திருந்தனர். அரசு அதிகாரிகள் சிலர் மதமாற்றத்திற்குத் துணை நிற்கின்றனர் என்ற கருத்து நகர மக்களிடையே பரவியிருந்தது. இந்நிலையில், ஏற்கெனவே வெளிவந்துகொண்டிருந்த சிறிய இதழ் ஒன்றை லட்சுமிநரசு செட்டி விலைக்கு வாங்கி, 1844 அக்டோபரில் கிரசண்ட் என்ற பெயரில் வெளியிட்டார். படைப்பணியில் இருந்து விலகிய ஆங்கிலேயரான எட்வர்டு ஹார்லி அதன் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1846 இல் ஆளுநர் டுவீடேல் பிரபு, அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக வைக்க முயன்றார். இதனை எதிர்த்து அவ்வாண்டு அக்டோபரில் சென்னையில் பெரும் பொதுக்கூட்டம் நடைபெற்றது. லட்சுமிநரசு செட்டி முன்னின்று நடத்திய இக்கூட்டத்தைத் தொடர்ந்து, ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனு இலண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு அனுப்பப்பட்டது. இயக்குநர்கள் ஆளுநரின் திட்டத்தை ஏற்கவில்லை. கடல் கடந்து அனுப்பப்படும் மனுவினால் பயன் விளையக்கூடும் என்ற நம்பிக்கை இதனால் நகரத்தில் வலுப்பெற்றது.

மதம் மாறியோருக்குக் குடும்பச் சொத்தில் உரிமை அளிக்கும் சட்ட முயற்சியையும் அவர் எதிர்த்தார். அம்முயற்சி 1850 ஆம் ஆண்டுச் சட்டமாக நிறைவேறியது. மதம் மாறியவரின் சொத்துரிமையைப் பாதுகாத்த சட்டத்தை அவர் எதிர்த்தது, அவரது அரசியலின் வரம்பைக் காட்டுகிறது.

சென்னைவாசிகள் சங்கம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயம் 1853 இல் மறுபரிசீலனைக்கு வரவிருந்தது. அதற்குள் இந்தியரின் குறைகளைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நோக்கில் பல நகரங்களில் சங்கங்கள் தோன்றின. கல்கத்தாவில் 1851 இலும் பம்பாயில் 1852 ஆகஸ்டிலும் இவை அமைந்தன. சென்னைவாசிகள் சங்கம் 1852 பெப்ரவரி 26 அன்று தோன்றியது. தொடக்கத்தில் கல்கத்தா சங்கத்தின் கிளையாக இருந்த இது, விரைவில் தனித்து இயங்கத் தொடங்கியது. வங்காளத்தில் நிலவரி சமீந்தார் வழியாக வசூலிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் இரயத்துவாரி முறைப்படி உழவரிடமிருந்து அரசே நேரடியாக வசூலித்தது. எனவே இரு மாகாணங்களின் குறைகளும் வெவ்வேறாக இருந்தன.

சங்கம் அனுப்பிய மனு, வரிச்சுமை, தறிகளின் மீதும் தொழில்களின் மீதும் விதிக்கப்பட்ட வரி, உப்பு வணிகத்தில் அரசின் தனியுரிமை, நீதிமன்றங்களின் காலதாமதம், பாசனமும் சாலைகளும் பேணப்படாமை, கல்விக்குப் போதிய செலவு செய்யாமை ஆகியவற்றை எடுத்துரைத்தது. சங்க உறுப்பினர்கள் பெரும்பாலும் நகரத்து வணிகரும் செல்வரும் ஆவர். எனினும் மனுவில் முதலிடம் பெற்றவை சிற்றூர் உழவரின் துயரங்களே.

சித்திரவதை விசாரணை

வரி செலுத்த இயலாத உழவர்களை வருவாய்த்துறைக் கீழ்நிலை ஊழியர்கள் துன்புறுத்துவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துதல் ஆகியவை அவற்றுள் சில. இந்தியச் சீர்திருத்தக் கழகத்தின் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான டான்பி சீமோர் 1853 இல் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு செட்டி அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று, பாதிக்கப்பட்டவர்களை நேரில் காணச் செய்தார்.

1854 ஜூலையில் இச்செய்தி பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் விவாதிக்கப்பட்டது. அதன் விளைவாக அதே ஆண்டில் எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. குழுவிடம் 1,900 க்கு மேற்பட்ட முறையீடுகள் வந்தன. முறையிட வந்தோருள் பலர் தொலைவிடங்களில் இருந்து நடந்தே வந்தவர்கள். 1855 இல் வெளியான அறிக்கை, வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை நடைபெற்றதை உறுதிப்படுத்தியது. ஆயினும் குழு, பழியைப் பெரிதும் இந்தியக் கீழ்நிலை ஊழியர்கள் மீதே சுமத்தியது. ஐரோப்பிய அதிகாரிகளைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. கார்ல் மார்க்ஸ் 1857 இல் நியூயார்க் டெய்லி டிரிபியூன் இதழில் இவ்வறிக்கையைப் பற்றி எழுதியுள்ளார்.

கம்பெனி ஆட்சியை நீக்கி இந்தியாவை நேரடியாக அரசியின் ஆட்சிக்குக் கொண்டுவர வேண்டும் என்று கோரும் மனுவையும் சங்கம் அனுப்பியது. அதில் 14,000 க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 1858 இல் கம்பெனி ஆட்சி முடிவுக்கு வந்தது. அதற்கு உடனடிக் காரணம் 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியாகும்.

இறுதிக்காலம்

1860களில் சங்கத்தின் செயல்பாடு தளர்ந்தது. லட்சுமிநரசு செட்டிக்கு அரசு சி.எஸ்.ஐ. பட்டம் அளித்தது. 1863 இல் சென்னை சட்டமன்ற மேலவையில் நியமன உறுப்பினரானார். அரசைக் கடுமையாக விமர்சித்து வந்த ஒருவருக்கு இவ்விடம் கிடைத்தது குறிப்பிடத்தக்கது. ஆனால் இதழுக்கும் சங்கத்திற்கும் தொடர்ந்து செலவிட்டதால் அவரது செல்வம் கரைந்திருந்தது. 1868 இல் வறுமை நிலையில் காலமானார்.

மதிப்பீடு

சென்னைவாசிகள் சங்கம் நிறுவனரின் ஆளுமையையும் பொருளையும் பெரிதும் சார்ந்திருந்தது. அவருக்குப் பின் பழைய வலிமையை அடையவில்லை. எனினும் ஊர்கூடிக் குறைகளை ஆராய்தல், சான்று திரட்டுதல், இதழ் வழியே கருத்தை உருவாக்குதல் ஆகிய முறைகள் நிலைத்தன. 1884 இல் தோன்றிய சென்னை மகாஜன சபை இம்முறைகளை விரிவான அளவில் கையாண்டது. அதன் முன்னோடிகளுள் பலர் 1885 இல் தொடங்கிய இந்திய தேசிய காங்கிரசிலும் பங்கு கொண்டனர்.