மும்முனைத் தொப்பியும் டிலனாய்த் தளபதியும்

பள்ளியிற் பயின்ற காலத்துக் கட்டபொம்மன் நாடகமொன்றில் ஜாக்சன் துரையாக வேடம் புனைந்தோம். கரிய அட்டையை மடித்துச் செய்த மும்முனைத் தொப்பியொன்று நம் தலையில் ஏறிற்று. உண்மை நோக்குங்கால், கட்டபொம்மன் தூக்கிலேறிய 1799-ஆம் ஆண்டிற்குள் அத்தொப்பியின் காலம் முடிந்து, இருமுனைத் தொப்பி படைத்தலைவர் சிரங்களில் அமர்ந்துவிட்டது. நமது திருவண்ணாமலையருகே 1767-இல் கர்னல் ஸ்மித் ஹைதர் அலியோடு பொருத போருக்கே நம் வேடம் பொருந்தியிருக்கும்!

ஆட்டு மயிராலோ, பீவர் என்னும் நீர்விலங்கின் மயிராலோ இத்தொப்பியைச் செய்து, அகன்ற விளிம்பை மூன்று பக்கமும் மேனோக்கி மடிப்பர். துப்பாக்கியைத் தோளிற் சார்த்துவார்க்கு அதனால் இடையூறு குறையும். நம் முன்னோர் ஐரோப்பியரைத் தொப்பிக்காரர் என்றே வழங்கினர். அத்தொப்பிக்காரருள் ஒருவரது சரித்திரமே ஈண்டு நாம் உரைக்கப் புகுந்தது.

யூஸ்டாக்கியஸ் டிலனாய் என்பார் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவருள் ஒருவர். மிளகு வாணிகத்தைத் தம் கைக்குள் வைக்கக் கருதிய அக்கம்பெனியார், 1741-இல் குளச்சற் கரையிற் படையிறக்கினர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் அவர்களை முறியடித்தார், டிலனாய் சிறைப்பட்டார். மன்னரோ அவரைக் கொல்லாது, தம் வீரர்க்கு ஐரோப்பிய முறையிற் போர்ப்பயிற்சி அளிக்கும் பணியை ஒப்புவித்தார். கைதியாய் வந்தவர் நாளடைவில் வலிய கப்பித்தான், அஃதாவது பெரிய தளபதி, ஆயினார். புலியூர்க்குறிச்சியிலுள்ள உதயகிரிக் கோட்டையைப் புதுக்கினார். அங்குப் பீரங்கியும் வார்ப்பித்தார். வடக்கே அவர் வகுத்த நெடுங்கோட்டை அரண், அவர் மறைந்த பின் 1789-இல் திப்பு சுல்தானின் முதற் றாக்குதலைத் தடுத்து நின்றது.

அரண்மனை அலுவலராகிய நீலகண்ட பிள்ளை இவரோடு நட்புப் பூண்டார். பொருளிழந்து மனம் நொந்த பிள்ளைக்கு யோபுவின் சரிதையை டிலனாய் எடுத்துரைத்தார் என்பர். பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர் அரசின் சினத்திற்கு ஆளாகிச் சிறையிருந்து, 1752-இல் ஆரல்வாய்மொழியருகே சுடப்பட்டு மாண்டார். 2022-இல் ரோமாபுரியில் அவரைப் புனிதர் என அறிவித்தனர்.

டிலனாயோ, நண்பரைக் கொன்ற அவ்வரசின் படைக்கே மேலும் 25 ஆண்டுகள் தலைமை தாங்கினார். இஃது நம் உள்ளத்தை உறுத்துகின்றது. அச்சமென்பதா, செஞ்சோற்றுக் கடனென்பதா? சிறைப்பட்டு வந்தவர்க்கு வேறு வழி யாதிருந்தது எனலாம். ஆயினும் அவரை முற்றும் விடுவிக்க நாம் துணியோம்.

1777-இல் அவர் உதயகிரியிலேயே உயிர்நீத்தார். கோட்டையுள் சிதைந்து நிற்கும் தேவாலயத்தில், மனைவி மகன் ஆகியோர் கல்லறைகளின் அருகே அவர் கல்லறையும் உளது. அக்கல்லில் இலத்தீன் மொழியோடு தமிழும் பொறித்துள்ளனர். சென்ற கோடை விடுமுறையில் அங்குச் சென்று, அத்தமிழ் வரிகளை விரலாற் றடவிப் படித்து மீண்டோம்.