கண்ணீரை அச்சில் வார்த்த தாய்

ஓவியம் செல்வர் மாளிகைச் சுவருக்கே உரியது என்னும் எண்ணத்தைத் தகர்த்தவர் ஜெர்மன் நாட்டு அம்மையார் கேத்தே கோல்விட்ஸ். ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம், ஏழையும் வாங்கலாம். அச்சோவியத்தின் இச்சிறப்பை அவர் நன்கு உணர்ந்திருந்தார். தறியோசை கேட்டு வளர்ந்த என்னை அவர்பால் ஈர்த்தவை அவருடைய நெசவாளர் படங்களே.

1867இல் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தார். மகளின் திறமறிந்த தந்தை, பெர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கான கலைப்பள்ளிகளில் பயிலச் செய்தார். மாக்ஸ் கிளிங்கரின் அச்சோவியங்கள் அவருக்கு வழிகாட்டின. 1891இல் டாக்டர் கார்ல் கோல்விட்ஸை மணந்தார். பெர்லினின் தொழிலாளர் பகுதியில் கணவர் மருத்துவம் பார்த்தார். அங்கே நோயும் வறுமையுமாய் வந்த பெண்களின் முகங்களே இவருக்குப் பாடநூலாயின.

1844இல் சைலீசிய நெசவாளர் கிளர்ந்தெழுந்த வரலாற்றை ஹாப்ட்மன் நாடகமாக்கியிருந்தார். 1893இல் அதைக் கண்ட அம்மையார், நான்கு ஆண்டுகள் உழைத்து ஆறு படங்கள் ஆக்கினார். மூன்று கல்லச்சு, மூன்று உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுத்தவை. 1898இல் நடுவர் குழு அவற்றுக்குப் பதக்கம் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டார். பதக்கம் போயிற்று, புகழ் நின்றது! பெர்லின் பெண்கள் கலைப்பள்ளியில் ஆசிரியப் பணியும் ஏற்றார்.

1914இல் போர் மூண்டது. பதினெட்டு வயது மகன் பீட்டர் படையில் சேர விரும்பினான். தந்தை தயங்கினார், தாயே பரிந்து பேசி இசைவு வாங்கித் தந்தார். அக்டோபரில் பெல்ஜிய மண்ணில் மகன் மாண்டான். அந்த இசைவின் சுமை அவர் நெஞ்சை விட்டு அகலவே இல்லை. எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைக் கண்டபின், தாமும் மரத்தைச் செதுக்கலானார். சாயல்களுக்கு இடமின்றிக் கறுப்பும் வெளுப்பும் மட்டுமே பேசும் முறை அது. 'போர்' என்னும் வரிசையில் ஏழு படங்கள் பிறந்தன. முதற்படத்தில் ஒரு தாய் தன் பச்சிளங்குழந்தையைப் பலியாக நீட்டுகிறாள். அதைக் காணும்போதெல்லாம் அவள் யாரென எனக்கு விளங்கிவிடுகிறது. மகனுக்கான நினைவுச் சிற்பம், மண்டியிட்ட பெற்றோர் இருவராய், 1932இல்தான் நிறைவுற்றது.

1919இல் பிரஷ்யக் கலைக் கழகம் அவரை உறுப்பினராக்கிப் பேராசிரியர் பட்டமும் அளித்தது. 1928இல் அச்சோவிய உயர்வகுப்பின் தலைமையை ஏற்றார். 1933இல் இட்லரை எதிர்க்க ஒன்றுபடுமாறு கோரிய அறிக்கையில் கையொப்பமிட்டமையால், கழகத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். 1942இல், பீட்டர் என்றே பெயரிடப்பட்ட பேரனையும் போர் கொண்டது. போர் முடியச் சில நாள்களே இருக்க, 1945 ஏப்ரல் 22இல் அவர் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! தம் துயரைத் தமக்குள் பூட்டி வைக்காமல், பிற தாய்மாருக்கு எச்சரிக்கையாக்கினார் அவ்வம்மையார். கலைக்கு இதனினும் உயர்ந்த பணி வேறுண்டோ?