இன்ஜினைப் பிரித்துப் படித்த மேதை – ஜி.டி. நாயுடு



நம்ம செவ்வாப்பேட்டையைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் கம்பெனி, லாரி, ஒர்க் ஷாப்தான். திருவள்ளூர் பக்கத்தில் முன்பு லேன்சர் கார் செய்தார்கள். எண்ணூரில் அசோக் லேலண்ட் இருக்கிறது. நம்மில் பல பேருடைய அப்பா, அண்ணன், மாமா எல்லாம் வண்டித் தொழிலில்தான் இருக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் வண்டியாலேயே பெரிய ஆளான ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

பிறப்பும் இளமையும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளியில் அவர் படித்தது 3-ஆம் வகுப்பு வரைதான். ஆனால் வீட்டில் தானாகவே நிறைய புத்தகம் படித்தார்.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அந்த ஊர் வழியில் நின்னு போச்சு. அவர் அதைச் சரி செய்ததைச் சிறுவன் துரைசாமி கண் இமைக்காமல் பார்த்தார். மாடு இல்லாமல் ஓடுகிற வண்டியா! ஆசை விடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். காசு சேர்த்து அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. முழுசாகப் பிரித்துப் போட்டு, மறுபடியும் பூட்டினார். அதுதான் அவருடைய முதல் பாடப்புத்தகம்.

ஒரு பஸ் 280 ஆனது

1920-இல் ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குத் தானே ஓட்டினார். 1933-இல் அவருடைய யு.எம்.எஸ். கம்பெனியில் 280 பஸ்கள்! நேரம் தவறாமல் ஓடுவதில் பேர் எடுத்த கம்பெனி அது.

அந்தக் காலத்தில் பஸ் ஓட்டுவது லேசான காரியம் இல்லை. இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது வருகிற சூட்டில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை. அந்தச் சூட்டை வெளியே எடுக்காவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றே போதும், அதற்காகத்தான் இன்ஜினைச் சுற்றித் தகடு தகடாக வைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்குத் தண்ணீர் வேண்டும். 1888-இல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார் முதன்முதலாகக் காரில் நெடுந்தூரம் போனபோதும் வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் போனார்.

சூட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒர்க் ஷாப்பில் வேலை செய்யும் எங்க மாமாவிடம் கேட்டு எழுதியது இது.

1. வண்டி ரயில்வே கேட்டில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது குறைந்தால் ஃபேனைப் பார்க்கணும். நிற்கும்போது காற்றை இழுப்பது அதுதான்.
2. வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, இல்லை தண்ணீர் பம்ப் சரியில்லை.
3. இன்ஜின் கொதிக்கிறது, ஆனால் மேல் ஓஸ் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டியிருக்கலாம்.
4. வெளியே ஒழுகாமலே தண்ணீர் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

எச்சரிக்கை: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது! உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடித்துவிடும். இன்ஜினை நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகுதான் திறக்கணும்.

பாருங்கள், ஒரே சூடுதான், காரணம் நாலு. பார்த்து, யோசித்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வரணும். நாயுடு அன்று மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கற்றதும் இதைத்தான்.

கண்டுபிடிப்புகள்

பாட்டரியில் ஓடும் ரேசண்ட் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, குறைந்த விலை ரேடியோ என்று அவர் செய்தவை ஏராளம். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்தார். 1952-இல் இரண்டு பேர் போகும் காரை 2000 ரூபாயில் தரலாம் என்று செய்து காட்டினார். அரசாங்க அனுமதி கிடைக்காமல் அது நின்றுவிட்டது.

படிக்காமலே பெரிய ஆளா?

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நாயுடுவே மூணாவதுதான், நமக்கு எதுக்குப் படிப்பு என்று நம்ம வகுப்பிலேயே சிலர் பேசுகிறார்கள். பத்தாவது முடிச்சதும் ஒர்க் ஷாப்புக்குப் போயிடலாம் என்று எங்க வீட்டிலும் பேச்சு இருக்கு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அவர் பள்ளியை விட்டார், படிப்பை விடவில்லை. படிப்பு வேண்டாம் என்று நினைத்தவராக இருந்தால் 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப் பாடுபட்டிருப்பாரா? வருஷக்கணக்கில் ஏட்டைப் புரட்டினால் போதாது, கையும் வேலை செய்யணும் என்பதுதான் அவர் கருத்து. இன்றைய காரில் சூட்டை அளக்க சென்சாரும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டன. அதைப் படிக்கத் தெரியாமல் எங்க மாமாவே சில வண்டிகளைத் திருப்பி அனுப்புகிறார். அதனால் நான் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கப் போகிறேன், லீவில் மாமாவோடு ஸ்பானர் பிடிக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.

நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் 2025-இல் திறந்த பெரிய மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். வண்டிகள் ஓடும் பாலத்துக்கு அவர் பெயர், எவ்வளவு பொருத்தம்!

நண்பர்களே, பிரித்துப் பார்ப்போம், படித்தும் பார்ப்போம்.



– 10-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவன்