கரும்பின் கருவைக் கண்ட ஜானகி அம்மாள்

பொங்கல் திருநாளில் கரும்பைக் கடித்துச் சுவைக்காதவர் நம்மில் யார்? நம் பெரிய முதலியார்சாவடியில் அன்று கரும்பில்லாத வீடே இராது. ஆனால், அக்கரும்பின் செல்லுக்குள் புகுந்து பார்த்த பெண்மணியை நம்மில் பலர் அறியோம். அவரே டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள்.

இவர் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துத் தலைச்சேரியில் பிறந்தார். எங்களைப் போலவே கன்னியர் மடப் பள்ளியில் பயின்றார். பெண்களுக்கு இளவயதிலேயே மணம் முடிக்கும் காலம் அது. இவருக்கும் மணப்பேச்சு எழுந்தது. இவரோ படிப்பையே தேர்ந்துகொண்டார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்றார். பின்னர் கடல் கடந்து அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இவர் ஆராய்ந்த பொருள் செல் எனும் உயிரணு. இவ்வாண்டு நாங்கள் சிவப்பு வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர். உள்ளே கூழ் போன்ற சைட்டோபிளாசம். ஓரத்தில் புள்ளிபோல் உட்கரு. செல் சவ்வு மட்டும் கண்ணுக்குப் புலப்படவில்லை. மரக்காணத்து உப்பைக் கரைத்து ஒரு சொட்டு விட்டோம். செல்லிலிருந்த நீர் வெளியேற, சவ்வு சுவரை விட்டு விலகிச் சுருங்கியது! எங்கள் வியப்புக்கு அளவே இல்லை.

அந்த உட்கருவுக்குள் இருப்பவைதாம் குரோமோசோம்கள். பெற்றோரின் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டு செல்பவை இவையே. செல் பிரியும் வேளையில்தான் இவற்றைத் தனித்தனியே எண்ண முடியும். மனிதச் செல்லில் 46 உண்டு.

1934-இல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த அம்மையார், கரும்பின் குரோமோசோம்களை எண்ணத் தொடங்கினார். இனிப்பு மிகுந்த பருத்த கரும்பில் 80. ஆற்றோரத்து நாணலிலோ வகைக்கேற்ப 40 முதல் 128 வரை. கரும்பின் இனிப்பையும் நாணலின் உறுதியையும் ஒரே பயிரில் சேர்ப்பதற்கு இக்கணக்கு வழிகாட்டியது. பெண்ணென்றும் குலத்தைச் சொல்லியும் தடைகள் எழுந்தன. அவர் கண் மைக்ராஸ்கோப்பை விட்டு அகலவில்லை.

1940-இல் லண்டன் சென்றார். போரில் குண்டு மழை பொழிந்த அந்நகரிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1945-இல் டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1951-இல் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பினார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னை மதுரவாயலில் இறுதிவரை ஆராய்ச்சி செய்து, 1984 பிப்ரவரியில், 86-ஆம் வயதில் மறைந்தார்.

பத்தாம் வகுப்போடு படிப்பு போதும் என்ற பேச்சு எங்கள் தோழியர் சிலர் வீட்டிலும் எழுந்துள்ளது. அன்புள்ள பெற்றோரே! தலைச்சேரிச் சிறுமியின் படிப்பும் அப்படி நின்றிருந்தால் கரும்பின் கணக்கை யார் எண்ணியிருப்பார்? எங்களையும் மேலே படிக்க அனுப்புங்கள். அடுத்த பொங்கலில் கரும்பைக் கையில் எடுக்கும்போது அம்மையாரை நாம் நன்றியுடன் நினைவோமாக!